குறுந்தூர ஓட்டமும் எஞ்சின் எண்ணெயின் ஆயுளும்

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறைக்குப் பளைக்கு வந்திருந்தபோது என்னிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். "சேர், என்னுடைய கார் ஆறு மாதத்தில் மூவாயிரம் கிலோமீற்றர்கூட ஓடவில்லை. வேலைத்தலம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர்தான். மாரிகாலம் முடிந்து எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தால், அதன் உட்புறத்தில் பால்கோப்பி நிறத்தில் களிபோல ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒயிலை உடனே மாற்றவேண்டும் என்று கராச்சில் சொல்கிறார்கள். ஓடாத காரின் ஒயில் எப்படிப் பழுதாகும்? என்னை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டார்.

அவரை எவரும் ஏமாற்றவில்லை. அதிகம் ஓடிய எண்ணெயே பழுதாகும், குறைய ஓடியது புதிதாகவே இருக்கும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். உண்மை அதற்கு மாறானது. நாளுக்கு நூறு கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் எண்ணெய், நாளுக்கு நான்கு கிலோமீற்றர் மட்டும் ஓடும் வண்டியின் எண்ணெயைவிட நல்ல நிலையில் இருத்தல் கூடும். இதன் காரணத்தை, வகுப்பறையில் நாம் கற்ற பௌதிகமும் இரசாயனமும் கொண்டே விளக்கிவிடலாம். அன்று அவருக்கு அவசரத்திற் கூறிய விடையை இம்மலரின் வாயிலாக விரிவாகத் தர விழைகின்றேன்.

முதலில் எண்ணெயின் தொழில் யாதென நோக்குவோம். உருளையினுள் மேலுங் கீழும் ஓடும் முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலும், சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயறிங்குக்கும் இடையிலும் மெல்லிய படலமாக நின்று, உலோகம் உலோகத்தைத் தொடாது காப்பதே அதன் தலையாய தொழில். அதனோடு வெப்பத்தைக் கடத்துதல், அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்ளுதல், துருவைத் தடுத்தல் என்பனவும் அதற்குரிய கடமைகளாம். இக்கடமைகளைச் செய்யும்பொருட்டு, அடிப்படை எண்ணெயுடன் கல்சியம், மகனீசியம், நாகம் முதலியவற்றின் சேர்வைகள் சிறிதளவு கலக்கப்படுகின்றன. எண்ணெயின் ஆயுள் என்று நாம் கூறுவது பெரும்பாலும் இச்சேர்மானங்களின் ஆயுளையே.

இனி, பழுது எங்கிருந்து வருகின்றது? முதற் பகைவன் நீர். பெற்றோலில் ஐதரசன் உண்டு. அது எரியும்போது ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகும் என்பது கேட்போருக்கு வியப்பைத் தரலாம். ஒக்ரேனின் சமன்பாட்டை எழுதிப் பார்க்கும் மாணவன் இதனைத் தானே கணித்து உறுதிசெய்யலாம். 114 கிராம் ஒக்ரேன் எரிந்து 162 கிராம் நீரைத் தரும்.

இந்நீரின் பெரும் பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். எனினும் முசல வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக அமைந்தாலும், எரிந்த வாயுவிற் சிறிதளவு அவற்றைக் கடந்து கீழே எண்ணெய்த் தொட்டிப் பக்கம் இறங்கியே தீரும். எடுத்துக்காட்டாக, இரண்டு கிலோமீற்றர் போய் உடனே திரும்பும் பயணம் ஒன்றில் 400 மில்லிலீற்றர் பெற்றோல் எரிவதாகவும், உண்டான நீரில் நூற்றுக்கு ஒரு பங்கே கீழிறங்குவதாகவும் கொள்வோம். அது 4 மில்லிலீற்றர். நாளுக்கு இருமுறை இவ்வாறு போய்வந்தால் முப்பது நாளில் 240 மில்லிலீற்றர், அதாவது கால் லீற்றர் அளவு நீர்! எஞ்சின் சூடாக இருந்தால் இந்நீராவி ஒடுங்காது. காற்றோட்டக் குழாய் அதனை இழுத்து மீண்டும் எரியறைக்கு அனுப்பிவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஆவி குளிர்ந்த சுவரிற் பட்டு ஒடுங்கித் துளியாகி எண்ணெயுடன் கலக்கும். பானை மூடியின் உட்புறத்தில் நீர் கோப்பதுபோன்றதே இது. எண்ணெயும் நீரும் கடையப்பட்டுப் பிறப்பதே அந்தப் பால்கோப்பி நிறக் களி.

இரண்டாம் பகைவன் எரியாத எரிபொருள். குளிர்ந்த எஞ்சினிற் பெற்றோல் நன்றாக ஆவியாவதில்லை. ஆதலாற் புறப்படும்போது வேண்டியதற்கு மேலாகப் பெற்றோல் ஊட்டப்படுகின்றது. பழைய வண்டிகளில் நாம் கையால் இழுத்த 'சோக்' செய்ததையே இன்றைய வண்டிகளில் இலத்திரனியற் கருவி செய்கின்றது. இவ்வாறு மிகுந்த பெற்றோலில் ஒரு பகுதி குளிர்ந்த சுவரிற் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். அதன் பாகுநிலை குறையும். படலம் மெலியும்.

மூன்றாம் பகைவன் அமிலம். எரிதலின்போது உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகளும், எரிபொருளிற் கந்தகம் இருப்பின் கந்தக ஒட்சைட்டுகளும், ஒடுங்கிய நீருடன் சேர்ந்து அமிலங்களாகின்றன. இவற்றை நடுநிலையாக்குவதற்கென்றே எண்ணெயிற் காரத்தன்மையுள்ள சேர்மானங்கள் உள்ளன. அவை தம்மைத் தாமே செலவழித்துக்கொண்டு உலோகத்தைக் காக்கின்றன. ஒவ்வொரு குளிர்ந்த புறப்பாடும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு சிறு தொகையை எடுப்பதற்கு ஒப்பாகும். சேமிப்புத் தீர்ந்தபின் அமிலம் பெயறிங்கை அரிக்கத் தொடங்கும்.

இம்மூன்று பகைவருக்கும் ஒரே மருந்து வெப்பம். எண்ணெய் ஏறக்குறைய 100 பாகை செல்சியசை அண்மித்து, அந்நிலையிற் சிறிது நேரம் நின்றால், நீர் ஆவியாகிவிடும். பெற்றோலின் இலேசான கூறுகளும் ஆவியாகி அகலும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வண்டியின் வெப்பமானி காட்டுவது குளிர்த்தும் நீரின் வெப்பநிலையையேயன்றி எண்ணெயின் வெப்பநிலையை அன்று. எண்ணெய் மெல்லவே சூடாகும். முள் நடுவில் வந்து நின்றபின்னரும் எண்ணெய் சூடாவதற்கு மேலும் பல நிமிடங்கள் வேண்டும். இரண்டு கிலோமீற்றரில் இது எங்ஙனம் கைகூடும்?

குளிர்நாடு இந்நோயை மிகைப்படுத்துகின்றது. பளையில் மார்கழி விடியலிலும் எண்ணெய் 23 அல்லது 24 பாகையிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கும். ரொறன்ரோவின் தை மாதக் காலையில் அது பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையிலிருந்து தொடங்குதல் சாதாரணம். 95 பாகையை எட்டுதற்கு இங்கு ஏறவேண்டியது 70 பாகை எனின், அங்கு 105 பாகை. அதாவது ஒன்றரை மடங்கு. அதனோடு சுற்றியுள்ள குளிர்காற்று வெப்பத்தை விரைந்து பறித்துக்கொள்ளும். வாகனக் கைநூல்கள் சில, ஒரு பயணம் 8 கிலோமீற்றருக்குக் குறைவாயின் அதனைக் 'கடும் பாவனை' என வகுத்து, உறைகுளிர் காலத்தில் அவ்வெல்லையை 16 கிலோமீற்றராக உயர்த்துவதன் காரணம் இதுவே.

எண்ணெய்ப் போத்தலில் '5டபிள்யூ-30' என்றவாறு எழுதியிருக்குமே, அது போதாதா என்று சிலர் வினவலாம். 'டபிள்யூ' என்பது மாரிகாலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாக, குளிரிலும் எண்ணெய் இலகுவாக ஓடும். புறப்படும் கணத்துத் தேய்மானத்தை அது குறைக்கும். ஆயின் உள்ளே இறங்கும் நீரையோ பெற்றோலையோ அது தடுக்கமாட்டாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2018ஆம் ஆண்டிற் சீனாவின் குளிர்ந்த வடபகுதிகளில், குறுந்தூரம் ஓடிய ஹொண்டா சி.ஆர்.-வி. கார்கள் பலவற்றில், பெற்றோல் கலந்து எண்ணெயின் மட்டம் ஏறியதாக முறைப்பாடுகள் எழுந்தன. அந்நிறுவனம் வண்டிகளைத் திருப்பியழைத்துத் திருத்த நேர்ந்தது. எண்ணெய் குறைவது மட்டுமன்று, கூடுவதும் நோயின் அறிகுறி என்பதை உலகம் அப்பொழுது நன்கு உணர்ந்தது.

ஆனால் நம்மூரவர்க்கு இதனைக் கற்பிக்கச் சீனா வரை செல்லவேண்டியதில்லை. தோட்டங்களில் நின்ற மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரத்தை நினைவுகூருங்கள். முதலிற் பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடானபின்பே மண்ணெண்ணெய்க்குத் திருப்புவர். நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றுவர். இரசாயனம் படியாத கமக்காரன் அனுபவத்தாற் கண்ட விதி அது. பின்னர், 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் சில துளி பெற்றோலாற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவ்வண்டிகளின் எண்ணெய் விரைவில் நீர்த்து, மண்ணெண்ணெய் மணம் வீசுவதற்குக் காரணம் யாது? பெற்றோலின் கூறுகள் ஏறத்தாழ 30 முதல் 200 பாகைக்குள் கொதிப்பன. மண்ணெண்ணெயோ 150 பாகைக்கு மேலேயே கொதிக்கத் தொடங்குவது. ஆகவே எண்ணெயில் இறங்கிய மண்ணெண்ணெய், எஞ்சின் சூடானபின்னும் எளிதில் வெளியேறாது. குளிர்நாட்டிற் குளிர் செய்வதை, நம்மூரில் எரிபொருள் செய்தது. விளைவு ஒன்றே.

இன்றும் நம் ஊர் இதற்கு முற்றும் விலக்கன்று. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 மார்ச்சில் மீண்டும் பளைவரை வந்தது. நிலையத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவருதல், சந்திக்குச் சென்று பாண் வாங்கி வருதல், பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றுதல் ஆகிய யாவும் ஓரிரு கிலோமீற்றர்ப் பயணங்களே. நம் வெப்பத்தில் எஞ்சின் விரைவிற் சூடாகும். காற்றாற் குளிர்த்தப்படும் சிறிய மோட்டார் சைக்கிள் இன்னும் விரைவிற் சூடாகும். ஆதலின் நோயின் கடுமை குறைவு. எனினும் இவ்வெஞ்சின்கள் ஏந்தும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லீற்றரே. சிறிய குளம் விரைவிற் கலங்கும் அன்றோ? முச்சக்கர வண்டியே வாழ்வாதாரமான குடும்பத்துக்கு, ஒரு லீற்றர் எண்ணெயின் விலையை மிச்சம்பிடிக்கப்போய் எஞ்சினையே கழற்றிப் பழுதுபார்க்க நேர்வது தாங்கொணாச் செலவாகும்.

ஆகவே செய்யத்தக்கன இவை. கிலோமீற்றரை மட்டும் பாராது காலத்தையும் பாருங்கள். கைநூலிற் கூறிய தூரம் ஆகாவிடினும், கூறிய மாதக்கணக்கு முடிந்தால் எண்ணெயை மாற்றுங்கள். பல சிறு வேலைகளை ஒரே பயணமாக இணையுங்கள். வாரத்துக்கொரு முறையேனும் அரைமணி நேரம் நிற்காது ஓட்டுங்கள். பளையிலிருந்து கிளிநொச்சிவரை ஒருமுறை போய்வந்தால் இங்குள்ளோர்க்கு அதுவே போதும். நின்ற இடத்தில் நெடுநேரம் எஞ்சினை உறுமவிடுதல் பயன்தராது. சுமையில்லாத எஞ்சின் மெல்லவே சூடாகி மேலும் பெற்றோலைக் கீழிறக்கும். ஒரு நிமிடத்தினுள் புறப்பட்டு, முதற் சில கிலோமீற்றர் மென்மையாக ஓட்டுவதே நன்று. வின்னிப்பெக் போன்ற கடுங்குளிர் நகரங்களில் வாழ்வோர், இரவில் மின்சாரத்தால் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் கருவியைப் பயன்படுத்துவர். அது எண்ணெய்க்கும் நலம், பற்றறிக்கும் நலம்.

மாதமொருமுறை அளவுகோலை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ, பெற்றோல் மணம் வீசினாலோ, எண்ணெய் பால்நிறம் கொண்டிருந்தாலோ தாமதியாதீர். நெடிய ஓட்டத்தின் பின்னும் பால்நிறம் மாறாவிட்டால், குளிர்த்தும் நீர் உட்கசிகின்றதோ என ஐயுற்று, தேர்ந்த திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும். மாணவர்கள் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். பழைய எண்ணெயில் ஒரு துளியையும் புதிய எண்ணெயில் ஒரு துளியையும் மைஒற்றுத் தாளில் இட்டு, ஓரிரவு கழித்து இரு வட்டங்களையும் ஒப்பிடுக. அழுக்கை எண்ணெய் இன்னும் ஏந்தி நிற்கின்றதா, நடுவிற் கைவிட்டுவிட்டதா என்பதை அவ்வட்டங்களே கூறும்.

வினாத் தொடுத்த அன்பருக்கு நான் கூறும் முடிவு இதுதான். தம்பி, உம்முடைய கார் குறைய ஓடியதனால் அதன் எண்ணெய் ஓய்வு பெறவில்லை. சூடு காணாது நாள்தோறும் நோயுற்றது. கராச்காரர் உண்மையே சொன்னார். எண்ணெயை மாற்றும். ஞாயிற்றுக்கிழமைகளிற் குடும்பத்தோடு சற்றுத் தொலைவு சென்று வாரும். உமக்கும் அது நலம், காருக்கும் அது நலம்.