டியூரிங் இயந்திரத்தின் நிலவரத்தை எழுத ஆறு குறிப்புகள்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போய்க் கணினியியல் படிக்கும் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம், ‘கான்ஃபிகரேஷன்’ எனப்படும் நிலவரத்தை எழுதுவது. இது கைப்பழக்கமாகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

1. இயந்திரத்தின் நிலை, கட்டம் கட்டமான நாடாவில் உள்ள எழுத்துகள், அவற்றைப் படித்து எழுதும் தலை நிற்கும் கட்டம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். கணக்குப் போடுபவர் பாதியில் எழுந்து போனாலும், குறிப்பு எழுதி வைத்திருந்தால் வந்து தொடரலாம் என்று ஆலன் டியூரிங்கே 1936 கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தாளைத் தம்பியிடம் கொடுங்கள். விதிப்பட்டியலைத் தவிர வேறெதுவும் கேட்காமல் அவன் தொடர்ந்தால், எழுதியது சரி.

2. ஒரே வரியில் எழுத, தலை படிக்கும் எழுத்துக்கு இடப்பக்கம் நிலையின் பெயரைப் போடுங்கள். 10அ11 என்றால் நிலை அ. தலை மூன்றாம் கட்டத்தில். ‘0 எழுதி, வலப்பக்கம் நகர்ந்து, ஆ நிலைக்குப் போ’ என்பது விதியானால் அடுத்த வரி 100ஆ1.

3. பல அடிகளுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு நல்லது. ஒரு வரிக்கு ஓர் அடி. நிலையின் பெயர் தலை நிற்கும் கட்டத்துக்குள்ளேயே. ஒரு கட்டத்தில் வருவதை மேல்வரியின் மூன்று கட்டங்களே தீர்மானிக்கும். அட்டையில் மூன்று கட்ட அகலம், இரண்டு கட்ட உயரத்துக்கு ஜன்னல் வெட்டி, நகர்த்திச் சரிபாருங்கள். குக்–லெவின் தேற்றத்தின் நிரூபணத்தைப் பாடநூல்கள் இந்த ஜன்னலை வைத்தே சொல்லித்தருகின்றன.

4. மொத்த நிலவரங்களை முதலில் எண்ணுங்கள். 6 நிலை, 8 கட்டம், 2 எழுத்து என்றால் 6 × 8 × 256 = 12,288. எட்டுக் கட்டத்துக்குள் ஓடும் இயந்திரம் அத்தனை அடி வைத்தும் நிற்காவிட்டால், ஏதோ ஒரு நிலவரம் மறுபடி வந்துவிட்டது; இனி நிற்கவே நிற்காது.

5. மடக்கை அளவு இடம் மட்டுமே உள்ள கணக்கில் உள்ளீட்டைப் படியெடுக்காதீர்கள். அது மாறாது, தலை எத்தனையாவது எழுத்தில் என்ற எண் போதும். 1,000 எழுத்து உள்ளீட்டுக்கு அந்த எண் 10 பிட்டில் அடங்கும். அதோடு நிலை, இடைக்கணக்கு எழுதும் வேலை நாடா, அதன் தலை இருக்குமிடம் சேர்த்தால் போதும்.

6. எவ்வளவு நாடா இடம் வேண்டும் என்ற கேள்விக்கு நிலவரங்களைப் புள்ளிகளாக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்பு போடுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்கு வழியுண்டா என்று பார்ப்பதுதான் வேலை. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போக வழியுண்டா என்று பார்க்க, நடுவே சுபாங் ஜெயாவை வைத்து முதல் பாதியைச் சரிபார்த்து, அதே தாளை அழித்து மறுபாதியைப் பார்ப்பதுபோல, வால்டர் சாவிச் 1970-இல் நடுப்புள்ளி வழியைக் காட்டினார். பல வழிகளில் கிளைக்கும் இயந்திரத்தின் வேலையை, அதன் இடத்தின் வர்க்க அளவு இடத்தில் கிளைக்காத இயந்திரமும் முடித்துவிடும் என்பது அதன் பலன்.