கரும்புச் சக்கையும் உணவுப் பொதியும்

ஆலையில் கரும்பு பிழிபட்டபின் எஞ்சி நிற்பது சக்கை. 100 டன் கரும்பினின்று ஏறக்குறைய 30 டன் ஈரச் சக்கை கிடைக்கும். ஒருமுறை வழங்கி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்தமையால், உணவைப் பொதிதற்கு வேறொரு பொருள் வேண்டுவதாயிற்று. சக்கையினின்று அதனை ஆக்குதல் கூடுமோ, கூடுமாயின் மெய்யாகவே நன்மை விளையுமோ என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

தாவர உயிரணுக்களின் சுவரை அமைக்கும் பொருளை 1838-இல் பிரித்தறிந்தவர் அன்ஸெல்ம் பாயன் என்னும் பிரெஞ்சு இரசாயன நூலார். செலுலோஸ் எனப் பெயர் பெற்ற அப்பொருள் குளுக்கோஸ் சர்க்கரையின் அணுத்திரள்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டதொன்று. அரிசியிலுள்ள மாச்சத்தும் அத்தகைய கோவையே; ஆயின் கண்ணிகள் பிணையும் முறை வேறு. ஆதலினாலன்றோ சோறு நமக்குச் செரிக்கின்றது, வைக்கோல் செரிப்பதில்லை! மாட்டின் வயிற்றிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணிப்பை அறுக்க வல்லன. செலுலோஸ் மண்ணோடு மண்ணாதற்குக் காரணம் இதுவே. 1933-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பெற்ற பாலிதீனுக்கோ இவ்வியல்பு இல்லை.

உலர்ந்த சக்கையில் செலுலோஸ் ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு. எஞ்சியதிற் பெரும்பகுதி ஹெமிசெலுலோஸும், நார்களை ஒட்டவைக்கும் லிக்னினும் ஆகும். முதற்கண் பஞ்சுபோன்ற உட்சோற்றை நீக்குவர். அது மருந்துநீரை வீணே உறிஞ்சும். பின்னர் நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் மிகுந்த வெப்பத்தில் வேகவைக்க, லிக்னின் கரைந்து கருநிற நீராய்ப் பிரியும். எஞ்சிய கூழைக் கழுவி, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலியவற்றால் வெளுப்பர்.

செலுலோஸ் நீரிற் கரையாது. சூட்டில் உருகாது, கருகும். எனவே பிளாஸ்டிக்கைப்போல் உருக்கி வார்த்தல் இயலாது. கூழை நீரிற் கலந்து, கம்பிவலை அச்சின்மேல் படியவைத்து, நீரை உறிஞ்சியெடுத்து, சூட்டுடன் அழுத்தினால் தட்டும் கிண்ணமும் உருவாகும். ஒளிபுகும் மெல்லிய ஏடு வேண்டின் செலுலோஸைக் கரைத்தாக வேண்டும். 1892-இல் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர் மூவர் காரமும் கார்பன் டைசல்பைடும் கொண்டு அதனைக் கரைக்கும் வழி கண்டனர். அவ்வழியே சுவிட்சர்லாந்து நாட்டவரான பிராண்டன்பெர்கர் ஸெல்லோபேன் ஏட்டினை ஆக்கினார். ஆயினும் கார்பன் டைசல்பைடு தொழிலாளரின் நரம்பைக் கெடுக்கும் நஞ்சென்பதை மறத்தலாகாது.

ஸெல்லோபேன் நீராவியைத் தடுக்கவில்லை. பொதிந்த பண்டம் நமர்த்துப் போயிற்று. 1927-இல் அமெரிக்காவில் சார்ச் என்பார் மெல்லிய மேற்பூச்சொன்றால் அக்குறையைத் தீர்த்தார். இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். மட்கும் தட்டின்மேல் மட்காத பூச்சினைப் பூசினால், தட்டினாற் பயன் யாது? எண்ணெய் ஊறாதிருக்கச் சிலர் பூசிய ப்ளோரின் சேர்ந்த இரசாயனங்கள் நெடுங்காலம் அழியாதவை. உணவுத்தாள்களுக்கு அவை விற்கப்படுதல் நின்றதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024-இல் அறிவித்தது.

மற்றொன்று: சக்கை உண்மையில் குப்பையன்று; சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு அதுவே விறகு. கரூர் மாவட்டத்துப் புகழூரில் 1984 முதல் சக்கையினின்று காகிதம் செய்துவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கைக்கு ஈடாக ஆலைகளுக்கு நீராவி தரும் ஏற்பாட்டினைக் கைக்கொண்டது. ஒன்றனை எடுத்தால் அதன் இடத்தில் மற்றொன்றனை வைத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று. கருநிற நீரையும் ஆற்றில் விடலாகாது; அதனைச் சுண்ட வைத்து எரித்தால் வெப்பமும் கிட்டும், காரமும் பெரும்பாலும் மீளும்.

ஆகவே நம் முதல் வினாவிற்கு விடை, கூடும் என்பது. இரண்டாவதற்கு விடை, பொருளின் பெயரில் இல்லை. செய்யும் முறையில் உள்ளது. ஒரு தட்டினைக் கையிலேந்தும்போது, இது எதனின்று வந்தது, எதனைக்கொண்டு வெந்தது, எதனாற் பூசப்பட்டது, எங்கே முடியும் என்னும் நான்கனையும் வினவப் பழகுதல் இரசாயனம் பயிலும் நம்மனோர் கடமையாம். வாழையிலையில் உண்டு அதனை மாட்டிற்கிட்ட நம் முன்னோர்க்கு இவ்வினாக்கள் எழவில்லை, நமக்கோ எழுந்துள்ளன.