கட்டத்துள் அடங்காத கன்னித்தமிழ்

ஓலையிலும் கல்லிலும் வாழ்ந்த நம் தமிழ், பின்னர் அச்சேறிய மொழியாகும். இயேசு சபைக் குருவாகிய அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அன்று உலோகத்தில் வார்த்த அச்செழுத்து, இன்று கைப்பேசியில் ‘எழுத்துரு’ என்னும் கோப்பாக விளங்குகின்றது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டெர்மக்ஸ்’ என்னும் முனையச் செயலி உண்டு. படங்களைத் தொடாமல், கட்டளைகளைத் தட்டியே இதில் வேலை வாங்கலாம். நமக்கு விருப்பமான எழுத்துருவை இதில் அமைப்பதும் எளிதே. செயலியின் பெயரையே கொண்டு, புள்ளியில் தொடங்கும் மறை கோப்புறையில் எழுத்துருக் கோப்பை வைத்து, அதற்கு ‘ஃபான்ட்.டி.டி.எஃப்.’ என்று ஆங்கிலத்தில் பெயரிட வேண்டும். பின்பு அமைப்புகளை மீண்டும் ஏற்றும் கட்டளையைக் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. முனையத்தின் திரை, நமது கணக்கு நோட்டைப் போலச் சம கட்டங்களால் ஆனது. ஆங்கிலத்தின் மெலிந்த ‘ஐ’க்கும் அகன்ற ‘டபிள்யூ’வுக்கும் அங்கே ஒரே அகலந்தான். ஆதலால் சம அகல எழுத்துருவே அதற்கு ஏற்றது.

தமிழின் நிலை என்ன? நம் வேளச்சேரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 5 எழுத்துகள். யூனிகோடு முறைப்படி கணிப்பொறிக்கோ 9 குறிகள்! ‘வே’ என்பதில் வகரம் முதலிலும் ஏகாரக் குறி பிறகும் பதிவாகின்றன. திரையிலோ கொம்பு முன்னே நிற்க வேண்டும். ‘ச்’சின் புள்ளிக்குத் தனிக் கட்டம் வேண்டா, ‘ரி’யின் கொக்கியோ எழுத்தோடு ஒட்ட வேண்டும். நாம் இட்ட எழுத்துருவில் தமிழ் இல்லையெனில், ஆண்ட்ராய்டு தன்னிடமுள்ளதைக் கடன் தரும். அதன் அகலம் கட்டத்திற்குப் பொருந்தாதபோது எழுத்துகள் நசுங்கித் தோன்றும்.

எனவே, எழுத்துருவை மாற்றுவது மட்டும் போதாது. தமிழ் எழுத்துக்குத் தேவையான இடத்தைக் கணக்கிட்டுத் தரும் செயலியும் வேண்டும். தமிழ் வழியில் பயிலும் சிற்றூர்ச் சகோதரி ஒருத்தி, முதன்முதலாகக் கட்டளை தட்டும்போது தன் மொழி சிதைந்து நிற்கக் கண்டால், ‘இது நமக்குரிய கல்வி அன்று’ என ஒதுங்கிவிடக் கூடுமன்றோ?

தோழியரே! எழுத்தைக் கட்டத்திற்காக வெட்டாமல், கட்டத்தை எழுத்துக்காக விரிப்போம். கணிப்பொறியியல் கற்று அப்பணியை நாமே செய்வோமாக. இறைவன் அதற்குத் துணை நிற்பாராக!