புஜைராவில் ‘சிவகாமியின் சபதம்’: கனவு நடிகர் பட்டியல் போடும் முன்

‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகமும் பார்த்த கல்கி வாசகர்களுக்கு அடுத்த ஏக்கம் ‘சிவகாமியின் சபதம்’. புஜைராவில் வார விடுமுறை இரவு நாலு பேர் கூடினால் நரசிம்மவர்மர் யார், நாகநந்தி யார் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அருமையான பொழுதுபோக்குதான். ஆனால் இதில் நட்பு முறிந்தவர்களையும் பணத்தை விட்டவர்களையும் பார்த்தாயிற்று. இன்று பட்டியல் போட உட்கார்ந்தால் இதைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

செய்ய வேண்டியவை

• நாவலை மறுபடி திறங்கள். நினைவில் இருக்கும் முகங்கள் பாதி யூடியூப் ஒலிப்புத்தகத்தில் வந்தவை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை. மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

• படமா, தொடரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இது நான்கு பாகக் கதை. ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தை இரண்டு படமாகச் சுருக்கியபோது மணிமேகலையே காணாமல் போனாள்.

• சிவகாமிக்கு நன்றாக ஆடத் தெரிந்தவரையே போடுங்கள். போர்ச் செய்தியால் பாதியில் நிற்கும் அரங்கேற்றம், சாட்டையடி படும் கைதிகளை மீட்க வாதாபி நாற்சந்தியில் ஆடும் ஆட்டம், கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதி. மூன்று இடத்திலும் வசனம் உதவாது. பாதமும் முகமும்தான் பேச வேண்டும். குளோசப்பில் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• நாகநந்தியையும் புலிகேசியையும் ஒரே நடிகருக்குக் கொடுங்கள். அந்த உருவ ஒற்றுமையில்தான் கதை திரும்புகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினி, ஊமை ராணி இரண்டையும் ஐஸ்வர்யா ராய் செய்தது நல்ல முன்மாதிரி.

• இளம் நடிகர்களைத் தேடுங்கள்; படம் வர எத்தனை காலமாகுமோ தெரியாது. ‘பொன்னியின் செல்வன்’ உரிமையை எம்.ஜி.ஆர். 1958இல் வாங்கினார், படம் வந்தது 2022இல். அதோடு, கதையில் காஞ்சிக்கு வந்து சேரும்போது பரஞ்சோதி ஒரு கிராமத்துப் பிள்ளை, மறந்துவிடாதீர்கள்.

• மகேந்திரவர்மருக்கு உங்கள் பட்டியலின் மிகச் சிறந்த நடிகரை ஒதுக்குங்கள். கதையின் முன்பாதி அவர் தோளில்தான் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• பிடித்த ஹீரோ பெயரை எழுதிவிட்டுப் பாத்திரம் தேடாதீர்கள். பல பட்டியல்கள் கெடுவது அங்கேதான்.

• ஏஐ போஸ்டரில் நடிகர் முகத்தை ஒட்டி ‘அதிகாரப்பூர்வ அறிவிப்பு’ என்று போடாதீர்கள். வதந்தி பரப்புவது அமீரகத்தில் குற்றம். ஃபார்வர்டு செய்தவரும் சிக்குவார். ‘ரசிகர் கற்பனை’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள்.

• நடிகையின் நிறத்தையும் உடம்பையும் பற்றி வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். அது அசிங்கம். அதோடு, இணையத்தில் ஒருவரை அவமதித்தால் இங்கே வழக்குப் போடலாம்.

• ‘கல்கி நாவல் படமாகிறது, பங்கு போடுங்கள்’, ‘ஆடிஷன் கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் எவருக்கும் ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள். வாய்ப்புக் கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். மகளின் பரதநாட்டிய போட்டோக்களையும் அனுப்பிவிடாதீர்கள்; எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது.

• நீங்களே குறும்படம் எடுக்க வாட்ஸ்அப்பில் நன்கொடை திரட்டாதீர்கள். அனுமதியில்லாத வசூல் இங்கே சட்டப்படி குற்றம். நல்ல எண்ணம் என்பதால் விட மாட்டார்கள்.

• புஜைரா கோட்டையைக் காஞ்சிக் கோட்டையாக்காதீர்கள். அந்த மண் சுவரும் உருண்டைக் கோபுரமும் பல்லவருக்குப் பொருந்தாது. கடற்காட்சி வேண்டுமானால் ‘கடல் புறா’வை எடுங்கள்: ஓமான் வளைகுடா கண்ணெதிரே இருக்கிறது, அமீர் என்ற அரபியும் சாண்டில்யன் கதையிலேயே இருக்கிறார்.

• லொகேஷன் பார்க்கப் போனால் துறைமுகத்தையும் எண்ணெய் டாங்குகளையும் படமெடுக்காதீர்கள். கோட்டைக்கு வந்த குடும்பங்கள் ஃபிரேமில் விழுந்தாலும் அங்கேயே அழித்துவிடுங்கள். சம்மதமில்லாமல் ஒருவரைப் படமெடுத்தால் ஜெயில், அபராதம் வரை போகும்.