மாடு யார் பேரில்? பால் காசு யார் கையில்?



மாடு, ஆடு, கோழி வாங்கக் கடன் கேட்டுப் பல குழுக்கள் தீர்மானம் போடுகின்றன. சந்தோஷம். கடன் வாங்கும் முன் ஒரு பாடத்தைச் சேர்ந்து படிப்போம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில், "கறவை மாடு வாங்கினீங்களே, லாபமாக்கா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "மாடு நல்லாத்தான் கறக்குது. பால் பணம் அவுக கணக்குக்குப் போயிருது. குழுக் கடன் கட்ட நான் களையெடுக்கப் போறேன்" என்றார். கடன் அக்கா பேரில். பாடுபடுவதும் அவர்தான். ஆனால் பால் சொசைட்டியில் உறுப்பினர் கணவர்!

2011-ல் தமிழக அரசு விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்து ஏழைப் பெண்களுக்கே கொடுத்தது. ஆடு என்றால் ஒரு குடும்பத்துக்கு 4. நல்ல ஏற்பாடு. ஆனால் பேர் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதுமா? திட்டம் போடும்போதே நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

1. வேலை யாருக்கு?
கறவை மாட்டுக்குத் தினமும் 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். தண்ணீர் 50 லிட்டருக்கு மேல், அதாவது நாலைந்து குடம். இதை யார் சுமப்பது? பிள்ளையின் படிப்பு கெடுமா? நேரமில்லாதவர்கள் கோழி, இரண்டு ஆடு என்று தொடங்கலாம்.

2. பணம் யார் கைக்கு?
சொசைட்டியில் நம் பேரில் சேர்ந்தால் பணம் நம் கணக்குக்கு வரும். சங்கத் தேர்தலில் ஓட்டும் கிடைக்கும். மாட்டுக் காப்பீடும் நம் பேரில் இருக்கட்டும்.

3. விற்பது யார்?
திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? வாசலுக்கு வரும் வியாபாரி கண் மதிப்பில் விலை சொல்கிறார். குழுவுக்கு ஒரு தராசு வாங்கி, உயிர் எடை பார்த்து விலை பேசுங்கள்.

4. பயிற்சி யாருக்கு?
மடிநோயை முதலில் பார்ப்பது பால் கறக்கும் கை. ஆனால் பயிற்சிக்குப் போவது வீட்டு ஆண். நமக்குத் தோதான நேரத்தில், நம் ஊரிலேயே பயிற்சி வைக்கக் கேளுங்கள். மாட்டுக்கு முடியவில்லை என்றால் 1962-க்கு நாமே போன் செய்யலாம்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்
தரையில் ஆண், பெண், பிள்ளைகள் என்று மூன்று கட்டம் போடுங்கள். புல் அறுப்பு, தண்ணீர், சாணி அள்ளுவது, கறப்பது, விற்பது, பணம் வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் 10 புளியங்கொட்டை. யார் எவ்வளவு செய்கிறாரோ, அவர் கட்டத்தில் அவ்வளவு வையுங்கள்.

அந்த அக்காவின் குழுவில் கணவர்களையும் உட்கார வைத்து இதைச் செய்தோம். கொட்டையை எண்ணிய அவர் கணவர், "இம்புட்டு வேலையா பாக்குறா?" என்றார். மறு வாரமே அக்காவைச் சொசைட்டிக்கு அவரே கூட்டிப்போனார். இப்போது தவணை பால் காசில் போகிறது. காலைத் தண்ணீர் அவர் பொறுப்பு.

வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை, சகோதரிகளே. உட்கார்ந்து பேசச் சொல்கிறோம். அடுத்த கடன் தீர்மானத்தோடு இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதி அனுப்புங்கள்.