சுழலும் எடையும் 402 மீட்டரும்: தோட்டத்துப் பட்டறையில் ஓர் இயற்பியல் பாடம்

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என எந்த ஊருக்குப் போனாலும் நம் இளைஞர்கள் கூடும் கார் பட்டறை ஒன்றாவது இருக்கும். ரப்பர் காடுகள் செம்பனையாகவும், செம்பனைக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இயந்திரத் தொழில்தான் கைகொடுத்தது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவையும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் கைத்திறனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தத் திறனுக்குப் பின்னால் நிற்கும் கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நாம் தவறிவிட்டோம். இக்கட்டுரை அந்தக் கணக்கில் ஒரு பகுதியை விளக்க முற்படுகிறது.

நேர்க்கோட்டுப் பந்தயத்தின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு இத்தூரத்தை யார் விரைவில் கடக்கிறார் என்பதே போட்டி. பட்டறைகளில் இதையொட்டி ஒரு பேச்சு உண்டு: "சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காடியில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமம்." இது உண்மையா?

மைலோ டின் சோதனை

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்ப்போம். ஒரே அளவுள்ள இரண்டு மைலோ டின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று காலியாக இருக்கட்டும். மற்றொன்றில் ஈர மணலை இறுக்கி அடைப்போம். சாய்த்து வைத்த பலகையின் மேலிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் உருள விடுவோம். எது முந்தும்? இலேசான காலி டின் முந்தும் என்றுதான் பலர் நினைப்பர். மணல் அடைத்த டின்னே முந்துகிறது.

காரணம் இதுதான். உருளும் பொருள் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டும். சுழற்றுவதற்கு எவ்வளவு முயற்சி தேவை என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இதனைச் சுழல் நிலைமம் என்கிறோம். ஒரு வளையத்திற்கு அது நிறை × ஆரம் × ஆரம். முழுவதும் நிரம்பிய வட்டுக்கு அதில் பாதிதான். காலி டின்னின் எடை பெரும்பாலும் விளிம்பில் இருக்கிறது. ஆகவே சுழல்வதற்கே அதன் ஆற்றலில் பாதி செலவாகிவிடுகிறது. தூய வளையம் ஒன்று, நிரம்பிய உருளையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும்.

சக்கரத்தின் கணக்கு

இனி காருக்கு வருவோம். சாகாவின் 13 அங்குலச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து ஆரம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். ரிம்மின் விளிம்பு அச்சிலிருந்து 16.5 சென்டிமீட்டரில் இருக்கிறது. டயரின் வெளிவிளிம்பில் ஒரு கிலோ குறைத்தால் அது காரின் உடலில் இரண்டு கிலோ குறைத்ததற்கு ஈடாகும். ஒரு கிலோ நகர்வதற்கு, ஒரு கிலோ சுழல்வதற்கு. ரிம்மில் ஒரு கிலோ குறைத்தால் 16.5ஐ 29ஆல் வகுத்து வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். விடை 0.32. ஆக, மொத்தம் 1.3 கிலோவுக்கே ஈடு.

எனவே சக்கரத்தில் "ஒன்றுக்குப் பத்து" என்பது பொய்க்கணக்கு. இரண்டுக்கு மேல் அது போகவே முடியாது. அழகுக்காக 16 அங்குல ஸ்போர்ட் ரிம் மாட்டுபவர்கள், எடையைக் கூட்டுவதோடு அதனை அச்சிலிருந்து இன்னும் தள்ளியும் வைக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிளைவீல் கணக்கு

அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பிளைவீலிலிருந்து வந்திருக்கலாம். பாட்டி காலால் மிதித்து ஓட்டிய தையல் இயந்திரத்தின் கனமான சக்கரத்தைப் போன்றதுதான் இதுவும். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு முறைதான் உந்துதல் கிடைக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் சுழற்சி தளராமல் காப்பது பிளைவீலின் வேலை.

கணக்குக்காக 7 கிலோ எடையும் 13 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட ஒரு வட்டு எனக் கொள்வோம். முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற, இயந்திரம் 13 முறை சுற்றுகிறது என்க. அப்போது பிளைவீலின் நிலைமம் 13 × 13, அதாவது 169 மடங்காகப் பெருகிக் காரை இழுக்கும். அதன் விளிம்பருகே, 12 சென்டிமீட்டரில், ஒரு கிலோ கடைந்தெடுத்தால் முதல் கியரில் அது ஏறக்குறைய 29 கிலோ குறைத்ததற்குச் சமம். ஆனால் இந்த விகிதம் 5ஆகக் குறையும் மூன்றாம் கியரில் அதே ஒரு கிலோவின் பயன் 4 கிலோதான்.

இலாபம் எவ்வளவு? முதல் கியர் 3 நொடி நீடித்தால் மிச்சமாவது சுமார் 0.07 நொடி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டும்போது இது இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது அரைக் கார் நீளம். பந்தயத்தில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம்.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. 5,000 சுற்று வேகத்தில் அந்த 7 கிலோ பிளைவீல் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல், முழுக் காரையும் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. கிளட்சை விடும்போது காரை முதலில் தள்ளுவது அந்தச் சேமிப்பே. அதைக் குறைத்தால் புறப்படும்போது இயந்திரம் திணறும். அன்றாட ஓட்டத்தில் நடுங்கும்.

உயிரோடு விளையாடும் லேத்

மிக முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. பல கார்களில் பிளைவீல் வார்ப்பிரும்பால் ஆனது. 7,000 சுற்றில் 13 சென்டிமீட்டர் விளிம்பு நொடிக்கு 95 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்போது மெல்லிய விளிம்பில் ஏறக்குறைய 65 மெகாபாஸ்கல் இழுவிசை உண்டாகலாம். எடை குறைக்கத் துளையிட்டால் துளையின் ஓரத்தில் அது மூன்று மடங்கு வரை உயரும். சாதாரண வார்ப்பிரும்பு தாங்குவது 150 முதல் 300 மெகாபாஸ்கல்தான். வேகம் இரட்டிப்பானால் இழுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது. லேத்தில் கடைந்தவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். பிளைவீல் சிதறி, துண்டுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால்களை நோக்கி வரும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தய வீரர் டான் கார்லிட்ஸ், 1970 மார்ச் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் பந்தயம் ஓடியபோது, கால்களுக்கிடையே இருந்த கியர் பெட்டி வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையிலிருந்து மீண்டவர், ஓட்டுநருக்குப் பின்னால் இயந்திரத்தை அமைத்து 1971இல் வெற்றியும் கண்டார். அதன்பின் அத்துறையே அவர் வழியைப் பின்பற்றியது. பந்தயத்துக்கான பிளைவீல்களுக்கும் கிளட்சுகளுக்கும் இன்று எஸ்.எஃப்.ஐ. 1.1 என்னும் தரச் சான்று உண்டு. எடை குறைந்த பிளைவீல் வேண்டுமென்றால் அச்சான்று பெற்ற எஃகுப் பிளைவீலையே வாங்க வேண்டும். பழைய வார்ப்பிரும்பைக் கடையக் கூடாது.

அதற்கும் முன்னால் செய்யக்கூடிய செலவில்லாத வேலைகள் இருக்கின்றன. பந்தயத் திடலில் மாற்றுச் சக்கரத்தையும் பின் இருக்கையையும் இறக்கி வைத்தால் முப்பது கிலோவரை குறையக்கூடும். இப்பயன் எல்லாக் கியரிலும் கிடைக்கும். யாருடைய காலையும் எடுக்காது.

திடல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது குற்றம். செம்பனைக் காட்டை ஒட்டிய நேர்சாலையில் நள்ளிரவில் ஓடும்போது எதிரே வருபவர், வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் நம் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். அரைக் கார் நீளத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சிந்தோக்கிலும் செமிலிங்கிலும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இந்த மைலோ டின் சோதனையைப் பட்டறையில் செய்து காட்டுங்கள். கியர் விகிதத்தை இருமுறை பெருக்கும் கணக்கைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். அங்கிருக்கும் தம்பியிடமிருந்து கிளட்ச் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு அறிவும் ஒரு மேசையில் அமர்ந்தால், லேத்தில் ஏறவிருந்த வார்ப்பிரும்பு ஒன்றாவது கீழே இறங்கும்.