எந்தக் கையில் எந்த ஸ்டிக்?

கேள்வி: ஒரு வருடமாக வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுகிறேன். கையில் இருப்பது எக்ஸ்பாக்ஸ் கேம்பேட் மட்டும். மேலே பறக்கிறவரை ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போதுதான் செஸ்னா இப்படியும் அப்படியும் ஆடுகிறது; ரன்வேயின் நடுக்கோட்டில் சக்கரம் பட்டதே கிடையாது. இப்போது எலீட் டேஞ்சரஸ் என்ற விண்கல விளையாட்டும் ஆரம்பித்திருக்கிறேன். "ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் எல்லாம் சேர்த்துப் பெரிய செட்டாக வாங்கிவிடு" என்கிறார்கள் நண்பர்கள். அவ்வளவு செலவு தேவைதானா? இன்னொன்று, எனக்கு இடக்கைப் பழக்கம். கடையில் பார்க்கிற ஸ்டிக் பெரும்பாலும் வலது கைக்கு வளைத்துச் செய்ததாக இருக்கிறது. எதை வாங்குவது?
- வாசகர், திருச்சி

பதில்: பெரிய செட் இப்போது வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு நல்ல ஸ்டிக். அது இரண்டு கைக்கும் பொருந்த வேண்டும், இடம் வலமாகத் திருகவும் வர வேண்டும். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால், செலவே இல்லாமல் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றை இன்று இரவே செய்துவிடலாம்.

முதலில் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செஸ்னா 172 இறங்க வரும்போது வேகம் ஏறக்குறைய 65 நாட். அந்த வேகத்தில் இறக்கைகளின் மேல் ஓடும் காற்று குறைவு; நீங்கள் கொடுக்கும் அசைவுக்கு விமானம் சற்றுத் தாமதமாகத்தான் பதில் சொல்லும். கேம்பேடின் கட்டைவிரல் குச்சியோ மிகவும் குட்டை. நடுவிலிருந்து ஓரம் வரை அது போகிற தூரமே கொஞ்சம். பத்தில் ஒரு பங்கு அசைவு வேண்டும் என்றால் விரல் ஒரு மயிரிழைதான் நகர வேண்டும், அதுவும் ஸ்பிரிங்கை எதிர்த்து அங்கேயே நிற்க வேண்டும். எந்த விரலுக்கும் அது சிரமம். அதனால் நாம் தட்டித் தட்டி ஓட்டுகிறோம். வலது இறக்கை சாய்கிறது, இடப்பக்கம் ஒரு தட்டு. விமானம் இன்னும் திரும்பவில்லையே என்று இன்னொரு தட்டு. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது இடது இறக்கை அதிகமாகச் சாய்ந்துவிடுகிறது. உடனே வலப்பக்கம் ஒரு தட்டு. நிஜ விமானங்களிலும் இது நடக்கும். விமானியே உண்டாக்குகிற ஊசலாட்டம் என்று விமானத் துறையில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. உங்கள் திறமைக் குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டாம்.

செய்ய வேண்டிய முதல் வேலை, விளையாட்டின் கன்ட்ரோல் அமைப்பில் சென்சிட்டிவிட்டி பக்கத்தைத் திறப்பது. அங்கே ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு வளைகோடு தெரியும். இடம் வலமாகச் சாய்ப்பதற்கும் மூக்கை ஏற்றி இறக்குவதற்கும் உள்ள இரண்டு அச்சுகளிலும் மைனஸ் 30 முதல் மைனஸ் 40 வரை வைத்துப் பாருங்கள். கோடு நடுவில் தட்டையாகி, ஓரங்களில் செங்குத்தாக ஏறும். குச்சியின் நடுப்பகுதி மென்மையாகிவிட்டது என்று பொருள். முழு அசைவு வேண்டிய இடத்தில் அது அப்படியே கிடைக்கும். இதற்குப் பக்கத்திலேயே டெட்ஸோன் இருக்கும். குச்சி நடுவில் நடுங்கினாலும் விமானம் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி அது. பலரும் இதைத் தாராளமாக 10, 15 என்று கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. இறங்கும்போது உங்களுக்கு வேண்டிய நுண்ணிய அசைவுகள் எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. நடுக்கம் நிற்கிற அளவுக்கு மட்டும் வையுங்கள், அதற்கு மேல் ஒரு புள்ளி வேண்டாம்.

இரண்டாவது வேலை ட்ரிம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். செஸ்னாவில் வேகம் குறைந்தால் மூக்கு கீழே போகப் பார்க்கும். விமானி கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்துப் பிடிப்பார்; பிடித்துக்கொண்டே ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றுவார். கையில் உணரும் பாரம் மறைகிற இடத்தில் நிறுத்திவிடுவார். அதன் பிறகு விமானம் தானே அந்த வேகத்தில் பறக்கும், கைக்குச் சிறு திருத்தங்கள் மட்டும் மிச்சம். வீட்டில் ட்ரிம் பயன்படுத்தாதவர்கள் இறங்கும் நேரம் முழுக்க ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். மல்லுக்கட்டும் கையால் நுணுக்கமாக எதுவும் செய்ய முடியாது. எளிதாக எட்டுகிற இரண்டு பட்டன்களில் ட்ரிம்மை வையுங்கள். வேகம் 65-க்கு வந்ததும் கையை லேசாக விட்டுப் பாருங்கள். மூக்கு ஏறாமல் இறங்காமல் நின்றால் பாதித் தரையிறக்கம் முடிந்த மாதிரி.

இப்போது ஸ்டிக்குக்கு வருவோம். ஸ்டிக்கின் பெரிய நன்மை அதன் நீளம். கட்டைவிரலுக்குப் பதில் மணிக்கட்டும் முன்கையும் வேலை செய்கின்றன. அசைவின் தூரம் பல மடங்கு கூடுவதால், பத்தில் ஒரு பங்கு என்பது கைக்குத் தெரிகிற அளவாகிவிடுகிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சென்சாரை. வெளியில் மின்னும் விளக்குகளையும் பட்டன் எண்ணிக்கையையும் விட்டுவிடுங்கள். மலிவு ஸ்டிக்குகளில் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும்: பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருக்கிற அதே பாகம்தான். உலோக நாக்கு ஒன்று கரிப்பட்டையின் மேல் உரசிக்கொண்டே ஓடும். நாளாக ஆகப் பட்டை தேயும், தூசி சேரும். கை அசையாமலேயே விமானம் துள்ளும். ஹால் சென்சாரில் உரசல் கிடையாது. காந்தம் நகர்வதை ஒரு சிறிய சில்லு தொடாமலே அளக்கிறது, ஆகவே தேய்மானமும் இல்லை.

த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் இந்த வகை. குச்சியின் இரண்டு முக்கிய அச்சுகளிலும் காந்த சென்சார். ஒவ்வொன்றிலும் 16,000-க்கு மேற்பட்ட நிலைகளை அது பிரித்தறியும். உங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி, அதன் கைப்பிடியில் சில பாகங்களைக் கழற்றி மாற்றி, இடது கைக்கு ஏற்றபடி பொருத்திக்கொள்ளலாம் என்பது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். திருகும் அச்சில் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர்தான், காலப்போக்கில் அதில் துள்ளல் வரலாம். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் விகேபி நிறுவனத்தின் கிளாடியேட்டர் என்எக்ஸ்டி இருக்கிறது. இதில் திருகும் அச்சு உட்பட எல்லாமே உரசாத சென்சார். இடக்கைக்கென்றே தனி வடிவமும் விற்கிறார்கள். லாஜிடெக்கின் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ பல வருடங்களாகப் புதியவர்களுக்குக் கைகொடுத்துவரும் ஸ்டிக், விலையும் எட்டக்கூடியது. ஆனால் அதன் பிடி வலது கைக்கு மட்டுமே. உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் முதல் நாளே விண்டோஸின் ரன் பெட்டியில் ஜே-ஓ-ஒய், புள்ளி, சி-பி-எல் என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் பட்டியலில் உங்கள் ஸ்டிக்கின் சோதனைப் பக்கத்தைத் திறங்கள். ஒரு கட்டத்துக்குள் சிறிய சிலுவைக் குறி தெரியும். ஸ்டிக்கைத் தொடாமல் அரை நிமிடம் அதையே பாருங்கள். குறி அசையவே கூடாது. பிறகு மூலைக்கு மூலை மெதுவாகக் கொண்டுபோங்கள். தாவாமல், நடுவில் விட்டுப்போகாமல் குறி உங்கள் கையைத் தொடர்ந்து வர வேண்டும். தாவினால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். பழைய ஸ்டிக் வாங்குகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இடக்கைப் பழக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். விமானங்கள் உங்கள் பக்கம்தான். செஸ்னாவில் இடது இருக்கையில் உட்காரும் விமானி இடது கையால்தான் யோக்கைப் பிடிக்கிறார். த்ராட்டில் அவருடைய வலது கைக்கு. ஏர்பஸ் ஏ320 1987-இல் முதன்முதலாகப் பறந்தது முதல் அதன் கேப்டனுக்கு ஸ்டிக் இருப்பது இடப்பக்கம். வலக்கைப் பழக்கமுள்ள கேப்டன்களும் இடது கையால்தான் ஓட்டுகிறார்கள், சென்னைக்கு வந்துபோகும் ஏ320 உட்பட. வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில் என்பது போர் விமான வழக்கம். எஃப்-16இல் ஸ்டிக்கே வலப்பக்கச் சுவரோடு இருக்கிறது. முதலில் அந்த ஸ்டிக் துளியும் அசையாது, கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று விமானிகள் சொன்ன பிறகு சிறிது அசையும்படி மாற்றினார்கள். ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்த்து ஹோட்டாஸ் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் செட்கள் இந்தப் போர் விமான அமைப்பைத்தான் நகலெடுக்கின்றன. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான விளையாட்டில் ரேடார், ஆயுதம், த்ராட்டில் எல்லாவற்றையும் கையை எடுக்காமல் இயக்க வேண்டியிருக்கும். அங்கே அந்தச் செட் மிகவும் உதவும். செஸ்னாவுக்கு அது வேண்டாம். டி.16000எம்-மின் அடிப்பாகத்தில் இருக்கும் சிறிய நெம்புகோலே ஒற்றை எஞ்சினுக்குப் போதும். கேம்பேடில் பட்டனை அழுத்தி அழுத்தி எஞ்சினை ஏற்றி இறக்குவதோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய மாற்றமாகத் தெரியும்.

பெடலை அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கிவையுங்கள். ஸ்டிக்கைத் திருகினாலே, பெடல் இயக்கும் ரடர் வேலை செய்யும். சாய்க்கும்போது தெரியாமல் கொஞ்சம் திருகிவிடுவோம் என்பதால் அந்த அச்சுக்கு மட்டும் டெட்ஸோன் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பக்கவாட்டுக் காற்றில் இறங்கப் பழகும் காலம் வந்தால் பெடல் வாங்குங்கள். அப்போது சக்கரம் வைத்த நாற்காலியை ஏதாவதோடு கட்டிவிடுங்கள், பெடலை மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால் ஓடும்.

விண்கலம் வேறு கதை. விமானத்தைக் காற்று தாங்குகிறது, மூக்கு போகிற திசையில்தான் உடம்பும் போகும். விண்வெளியில் அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று அச்சுகளில் திரும்பலாம். அதோடு சம்பந்தமில்லாமல் முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று அச்சுகளில் நகரலாம். ஆக மொத்தம் ஆறு. ஒரு ஸ்டிக்கில் மூன்றுதான் அடங்கும். மீதி மூன்றை எங்கே வைப்பது?

அப்பல்லோ கலங்களை வடிவமைத்தவர்கள் இந்தக் கேள்விக்கு அறுபதுகளிலேயே தெளிவான விடை வைத்திருந்தார்கள். வலது கைப்பிடி கலத்தைத் திருப்பும், இடது கைப்பிடி கலத்தை நகர்த்தும். ரஷ்யாவின் சோயூஸிலும் அதே ஏற்பாடு. கையால் ஓட்டி ஒரு கலத்தை இன்னொன்றோடு இணைத்த விண்வெளி வீரர்கள் இரண்டு கைப்பிடிகளைக் கொண்டுதான் அதைச் செய்தார்கள். எலீட் டேஞ்சரஸ், ஸ்டார் சிட்டிசன் ஆடுகிறவர்களில் பலர் இரண்டு ஸ்டிக் வைத்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

எலீட்டின் கோரியோலிஸ் விண்வெளி நிலையத்துக்குள் நுழைவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையம் மெல்லச் சுழல்கிறது, நடுவில் நீளவாட்டில் ஒரு வாசல், பச்சை விளக்குகள் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். கலம் வாசலுக்கு நேராகத் திரும்பியிருக்கிறது, ஆனால் கொஞ்சம் கீழே இருக்கிறது. மூக்கைத் தூக்கினால் திசை கெடும். தூக்காமல் அப்படியே மேலே நகர வேண்டும். ஒரே ஸ்டிக் வைத்திருப்பவர் இதற்குக் கட்டைவிரல் அருகிலுள்ள ஹாட் சுவிட்சை அழுத்துவார். அது வெறும் சுவிட்ச்: அழுத்தினால் முழு உந்துதல், விட்டால் ஒன்றுமில்லை. கலம் துள்ளித் துள்ளி மேலே போகும். மற்றக் கையில் இன்னொரு ஸ்டிக் இருந்தால் வேண்டிய அளவு மட்டும் தள்ளலாம். இறங்குதளத்தின் மேல் அலுங்காமல் உட்காருவதும் அப்படித்தான். செஸ்னாவில் கேம்பேடோடு நீங்கள் பட்ட அதே தொல்லைதான் இங்கே ஹாட் சுவிட்சில் தலைகாட்டுகிறது.

எலீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலத்தைத் தானே சீராக வைத்திருக்கும் ஃபிளைட் அசிஸ்ட் வசதியைப் போட்டிருக்கும்போது த்ராட்டில் ஒரு வேகத்தைக் குறிக்கிறது. அதன் நடுப்பகுதியில் நீலமாகத் தெரியும் இடத்தில்தான் கலம் நன்றாகத் திரும்பும். ஸ்பிரிங் வைத்த ஸ்டிக்கில் முன்பின் அசைவை வைத்தால், கையை எடுத்ததும் கலம் நின்றுவிடும். ஆகவே வேகத்தை ஸ்டிக்கின் அடியில் உள்ள நெம்புகோலில் வைத்துவிட்டு, இடவலம், மேல்கீழ் நகர்வை மட்டும் இரண்டாவது ஸ்டிக்குக்குக் கொடுங்கள். ஃபிளைட் அசிஸ்டை அணைத்துப் பழகிய பிறகு மூன்றையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

மவுஸே போதும் என்கிறவர்களும் உண்டு. குறிபார்த்துச் சுடுவதில் மவுஸை மிஞ்ச முடியாது. 2003-இல் வந்த ஃப்ரீலான்சர் ஜாய்ஸ்டிக்கைச் சேர்க்காமல் மவுஸை நம்பியே செய்யப்பட்டது, அருமையான விளையாட்டு. போர் மட்டும் ஆடுபவருக்கு அது சரி. கலத்தை ஓட்டுகிற சுகம் வேண்டும் என்றால் ஸ்டிக்தான்.

வாங்கிய ஸ்டிக்கை மேசை மேல் உயரமாக வைக்காதீர்கள். முழங்கை ஊன்ற இடம் இல்லாவிட்டால் தோள் வலிக்கும், அசைவும் முரடாகும். தொடை உயரத்தில் ஒரு பலகையில் திருகிவைத்தால் நல்லது. எந்த யூஎஸ்பி துளையில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் செருகுங்கள். இரண்டு ஸ்டிக் வந்த பிறகு துளை மாறினால் சில விளையாட்டுகளில் இடம் வலம் குழம்பிவிடும்.

ஆக, இப்போது ஒரு டி.16000எம் வாங்கி, பாகங்களை மாற்றி, உங்கள் இடது கையில் பிடியுங்கள். வானிலையைத் தெளிந்த வானம், காற்றில்லை என்று வைத்துக்கொண்டு, ட்ரிம்மோடு இறங்கப் பழகுங்கள். சில மாதம் கழித்து எதை அதிகம் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். செஸ்னா என்றால் அடுத்த செலவு பெடலுக்கு. எலீட் என்றால் அதே ஸ்டிக்கில் இன்னொன்று வாங்கி மற்றக் கைக்கு வையுங்கள். அதுவரை நண்பர்கள் சொல்லும் பெரிய செட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.